முதுகைத் திருப்பிக்கொண்ட தெரு

7

ஒரே மத்தியானத்தில், கையில் ஒரு கடப்பாரைகூட இல்லாமல், ஒரு தெருவையே அடியோடு தூக்கித் திருப்பி வைத்தவன் நான். வரிசையாக நின்ற அத்தனை வீடும் ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் பார்த்து உட்கார்ந்தன. ஒரு சுவரில்கூட விரிசல் விழவில்லை. ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

இதைச் சொன்னால் ஜனங்கள் என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். துப்பறியும் தொழிலை விட்டு ஓய்வு பெற்ற மனுஷன், பாவம், பொழுது போகவில்லை என்கிறார்கள். என் மைத்துனியைக் கேளுங்கள் என்பேன். அவளைக் கேட்டால், "அத்தான் சொல்றதுல பாதியைத் தள்ளிடுங்க, மீதியில பாதியை நம்பலாம்" என்பாள். நான் நீட்டுவதையெல்லாம் வெட்டுகிறவள் என்பதால் அவளுக்குக் கத்தரி என்று பெயர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். யார் எதைச் சொன்னாலும் "எங்கே, காட்டுங்க" என்று கையை நீட்டிப் பழகிவிட்டாள். ஆனால் இந்தத் தெரு விஷயத்தில் மட்டும் அவள் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவளாயிற்றே.

நம்பமாட்டேன் என்று கடைசிவரை நின்றது ஒரே ஒரு ஆள்தான். பல் டாக்டர்.

அந்த ஊர்ப் பல் டாக்டருக்கு இரண்டு வேலை. காலையில் பல் பிடுங்குவார். மத்தியானம் சரித்திரம் பிடுங்குவார். பழைய வீடு ஒவ்வொன்றிலும் முன்னால் யார் யார் குடியிருந்தார்கள் என்று ஊரெல்லாம் விசாரித்து, நீல எனாமல் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி, வாசலுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறார். எழுதி முடித்த பலகைகளை நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அடுக்கியிருந்தார். ஆகவே நாங்கள் நின்றோம். கத்தரி மட்டும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பல் பிடுங்கும் நாற்காலியிலேயே போய்ச் சாய்ந்துகொண்டாள்.

எங்களை வரவழைத்த அம்மாள் கதவோரமாக நின்றார். பெரிய பஸ் நிலையம் ஒன்றில் ஒலிபெருக்கியில் அறிவிப்புப் படிக்கிறவர். எந்த வண்டி தாமதம், எந்த வண்டி ரத்து என்பதையெல்லாம் வருஷக்கணக்காக ஒரே குரலில் சொல்லிச் சொல்லி, அந்தக் குரல் தொண்டையிலேயே குடியேறிவிட்டது.

"அப்பா போன மாசம் இறந்துட்டார்," என்றார் டாக்டரிடம். வண்டி மேடைக்கு வந்துவிட்டது என்பது போலத்தான் இருந்தது.

"போன்லயே சொன்னேனேம்மா," என்றார் டாக்டர். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க அப்பா பேரை எந்தப் பலகையிலயும் எழுத முடியாது. அப்படி ஒரு குடும்பம் இந்தத் தெருவுல இருந்ததே இல்லை."

"பலகைக்காக வரலை, டாக்டர்."

"பின்னே?"

"அவர் சொன்னது நிஜமான்னு தெரியணும். சின்ன வயசைப் பத்தி அவர் சொன்னதெல்லாம் இந்த ஒரு வீட்டைப் பத்தித்தான். வேற எதுவுமே சொன்னதில்லை. இதுவும் பொய்யின்னா..." கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். "அவர் போனதுலேருந்து எனக்கு அழுகை வரலை. ஊசி போட்ட வாய் மாதிரி இருக்கு. தொட்டாத் தெரியுது, வலிக்கலை. யாருக்காக அழறதுன்னே புரியலை. இந்த வீட்டுல வளர்ந்த மனுஷனுக்கா, இல்லே, கதை கட்டின மனுஷனுக்கா."

என் வாயில் ஒரு அருமையான டூப்பு தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். கத்தரி நாற்காலியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எதையாவது விழுங்கி அவள் பார்த்ததே கிடையாது.

டாக்டர் கெட்டவர் இல்லை. வலிக்காமல் பிடுங்கவே பார்த்தார். ஆனாலும் பிடுங்கத்தான் செய்தார்.

"உங்க அப்பா என்ன சொன்னார்? தெருக்கோடியில இருக்கற மில்லுலேருந்து நடந்து வந்தா வலது கைப் பக்கம் மூணாவது வீடு. சரியா? இதோ, ஜன்னல் வழியாப் பாருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் வலது கை. முதல்ல டயர் கடை. அடுத்தது சைக்கிள் நிறுத்தறது. மூணாவது சாக்குக் கிடங்கு. அதுக்கு முன்னாடி வெறும் பொட்டல். அங்க மனுஷன் குடியிருந்ததே இல்லை. வீடெல்லாம் இடது கைப் பக்கம்தான், நாம நிக்கற இந்த வரிசை."

"சரி," என்றார் அம்மாள்.

"அடுத்தது. வாசல் கதவைத் திறந்தா காலை வெயில் மூஞ்சியில அடிக்கும், எதிர்ல ஆறு ஓடும்னார். இங்க எல்லா வாசலும் மேற்கு பார்த்தது. ஆறு ஓடறது பின்னால. ஒண்ணு, உங்க அப்பா இந்த ஊரையே பார்த்ததில்லை. இல்லைன்னா, சூரியன் மனசு மாத்திக்கிச்சு."

"ஆணியைப் பத்தியும் சொன்னேன்," என்றார் அம்மாள்.

"எங்களுக்குச் சொல்லலையே," என்றாள் கத்தரி.

"எங்க தாத்தா பெட்டி செய்யறவர். தோல் பெட்டி. மூணு வயசுலேருந்து ஒவ்வொரு பிறந்த நாளைக்கும் அப்பாவை வாசல் நிலையோட ஒட்டி நிக்க வெச்சு, தலை மட்டத்துல பித்தளை ஆணி அடிப்பாராம். பெட்டிக்கு அடிக்கிற ஆணி. வயசுக்கு ஒண்ணு. நாலு வயசுன்னா வரிசையா நாலு." கைப்பை வாரை விரலில் சுற்றினார். "ஏழு வயசுல குட்டையாயிட்டேன்னு சொல்வார்."

"என்னது?"

"அப்படித்தான் சொல்வார். 'ஆறு வயசுல இருந்ததைவிட ஏழு வயசுல குட்டை.' ஏன்னு கேட்டா சிரிப்பார். அவ்வளவுதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார். குழந்தை குட்டையாகிறதாம், இதற்கு மேல் நான் என்ன சொல்ல, என்று அர்த்தம்.

எனக்கு என் வாழ்க்கையில் இரண்டாயிரம் வழக்கு. (கத்தரியின் கணக்கில் நாற்பது.) அத்தனையிலும் நான் கற்றது, கெட்டிக்காரப் பொய்யன் நம்பக்கூடியதாகத்தான் சொல்வான் என்பது. நானே அதற்குச் சாட்சி. குழந்தை குட்டையாயிற்று என்று சொல்கிறவன் ஒன்று மடையன், இல்லையென்றால் நிஜத்தைச் சொல்கிறவன்.

அப்போதுதான் நாற்காலியில் மல்லாந்து கிடந்த கத்தரி கூரையைப் பார்த்துக் கேட்டாள். "டாக்டர், வாயைத் திறந்துக்கிட்டு இதையா எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க? ஏன் இவ்வளவு கருப்பா இருக்கு?"

"ஈரம். எத்தனை தடவை வெள்ளை அடிச்சாலும் மறுபடி வந்துடுது."

முக்காலியைப் போட்டு ஏறினேன். நாலு ஊருக்கு அப்பால் கருகும் பாலை மோப்பம் பிடித்த மூக்கு இது. விரலால் தேய்த்து முகர்ந்தேன்.

"ஈரம் இல்லை, டாக்டர். புகை. விறகுப் புகை. தலைமுறை தலைமுறையா ஏறின புகை."

"இது வாசல் அறை, சார். இங்க யாரு அடுப்பு வெப்பாங்க?"

"அதைத்தான் நானும் கேட்கறேன்."

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர். வாசல் அறையில் மெஷின் போட்டிருந்தார். கத்தரி உள்ளே தலையை நீட்டிக் கூரையைப் பார்த்தாள். "உங்களுக்குமா?"

"அதை ஏன் கேட்கறீங்க," என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி. "வெள்ளைத் துணி தெச்சா மேலேருந்து கரி உதிருது. கல்யாணத் துணி எடுக்கறதையே விட்டுட்டேன்."

அதற்கடுத்த வீடு கண்ணாடி வெட்டுகிறவருடையது. அங்கேயும் வாசல் அறை கருப்பு. அதற்கடுத்ததும் அப்படியே.

"தெரு முழுக்க அடுப்பைக் கொண்டுவந்து வாசல்ல வெச்சிருக்காங்க, அத்தான்," என்றாள் கத்தரி. "விருந்தாளி வந்தா புகையைத் தாண்டி இருமிக்கிட்டே வரணுமா? எல்லாருக்கும் ஒரே நேரத்துல புத்தி கெட்டுப் போயிருக்குமா?"

"புத்தி கெடலை. வேற ஏதோ கெட்டிருக்கு. வா, பின்னால போய்ப் பார்க்கலாம்."

"பின்னால ஒண்ணும் இல்லை," என்றார் டாக்டர். "முள்ளும் புதரும்தான். நான் போனதே இல்லை."

ஊர்ச் சரித்திரம் முழுவதையும் எழுதிவிட்ட மனுஷன், தன் வீட்டுக்குப் பின்னால் போனதில்லை. இதை நான் ரசித்து ரசித்து மென்றேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

அந்தப் புதரைப் பற்றி என்ன சொல்ல. ஒட்டகச்சிவிங்கி நுழைந்தால் வழி கேட்டுத்தான் வெளியே வர வேண்டும். ("இடுப்பளவு," என்றாள் கத்தரி.) வீட்டுச் சுவருக்கும் ஆற்றங்கரைச் சரிவுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மண். அதற்கு அப்பால் பழுப்பு நிறத்தில் ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசி வீட்டைச் சுற்றி உள்ளே புகுந்து, சுவரோரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். டாக்டர் வெள்ளைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

முதலில் நின்றது கத்தரிதான்.

"அத்தான். எந்த ஊர்ல முதுகுக்குப் பவுடர் போடுவாங்க?"

நிமிர்ந்து பார்த்தோம். முன்பக்கம் ரோட்டைப் பார்த்த கதவுகள் ஒற்றைக் கதவுகள், ஒல்லியானவை. குனிந்துதான் நுழைய வேண்டும். இங்கே, ஒருவரும் பார்க்காத பின்பக்கத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் அகலமான இரட்டைக் கதவு. மேலே உத்தரத்தில் செதுக்கின கொடியும் இலையும். பக்கத்துக்கு ஒரு பெரிய ஜன்னல். கதவுக்குக் கீழே கல் படிகள். அந்தப் படிகளின் நடுப்பாகம் கிண்ணம் மாதிரி தேய்ந்திருந்தது. மழைத் தண்ணீர் அதில் தேங்கி, ஒரு தவளை குளித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், உங்க முன்வாசல் படி எப்படி இருக்கும்?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. கூர் மழுங்காம."

"எத்தனை நோயாளி ஏறி இறங்கறாங்க, அது தேயலை. யாருமே வராத இந்தப் படி இப்படித் தேஞ்சிருக்கு. இதை யார் மிதிச்சாங்க? தவளையா?"

டாக்டர் குனிந்தார். படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் முன்பக்கம்," என்றேன். "தெரு இங்கதான் இருந்துது."

"எங்கே?"

ஆற்றைக் காட்டினேன்.

ஆறு கரையைத் தின்று தெருவையும் தின்றுவிட்டது. வாசலில் இறங்கினால் தண்ணீர் என்றானதும், மிஞ்சினவர்கள் வீட்டை இடிக்கவில்லை, ஊரை மாற்றவில்லை. சமையலறைச் சுவரை உடைத்து ஒரு ஒல்லிக் கதவு வைத்து, பின்பக்கத்தை முன்பக்கமாக்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ரோடு வந்தது. அடுப்பு இடம் மாறியது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு உலகமே மேற்கு பார்த்துப் பிறந்ததாக ஆகிவிட்டது.

"அம்மா," என்றேன் அறிவிப்பு அம்மாளிடம், "வெள்ளம் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"பெட்டியெல்லாம் மிதந்து போச்சுன்னு சொல்வார்," என்றார் அதே குரலில். "தோல், பலகை, கருவி எல்லாம். அதோட ஊரை விட்டுக் கிளம்பிட்டாங்களாம்."

"சரி. இப்ப மில்லுப் பக்கத்துலேருந்து நடங்க. உங்க அப்பா நடந்த மாதிரி."

அவர் மில் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தார். இடது கையில் ஆறு. வலது கையில் வீடுகள். ஒன்று. இரண்டு. மூன்றாவது கதவுக்கு முன்னால் நின்றார். ஒரு சந்தோஷமும் இல்லை முகத்தில். நிற்கச் சொன்ன இடத்தில் நின்ற மாதிரி நின்றார்.

"இது யார் வீடு?" என்றார்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தால் போதும்.

"என்னோடது," என்றார் அவர்.

"காட்டுங்க," என்று கையை நீட்டினாள் கத்தரி. பழக்கம்.

"அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. உள்ளே அலமாரி வெச்சு மறைச்சிருக்கு. எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க வீடு இது. டாக்டர் குடும்பத்தைத் தவிர யாரும் இங்க இருந்ததில்லை. பலகைகூட எழுதிட்டேன்."

"தாத்தாவுக்கு முன்னாடி யாரு?" என்றேன்.

"தாத்தாவுக்கு முன்னாடி..." டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்ட கேள்வி. தன் வீட்டில் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. "தெரு திரும்பிச்சுன்னே வெச்சுக்குங்க. அது உங்க யூகம். ஒரு படியையும் கரியையும் வெச்சுக்கிட்டு நான் சரித்திரத்தை மாத்தி எழுத முடியாது. இவங்க அப்பா இங்க இருந்தார்னு அதுல எங்கே இருக்கு?"

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி சுற்றி வந்து உள்ளே போனோம். பின்னறையில் கூரை வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கே அடுப்பு எரிந்ததில்லை. கதவை மறைத்துக்கொண்டு சுவர் அகலத்துக்கு ஒரு அலமாரி. அதில் சாந்தில் செய்த பல் அச்சுகள். ஊர் ஜனத்தொகை மொத்தமும், செத்தவர்களும் சேர்த்து, எங்களைப் பார்த்து இளித்தது. அலமாரியை நான் ஒற்றைக் கையால் நகர்த்தினேன். (நான் ஒற்றைக் கை, கத்தரி இரண்டு கை, டாக்டர் தோள். தையல்காரரையும் கூப்பிட்டோம்.) இரண்டு தாடை உருண்டு விழுந்து உடைந்தன.

"ஒண்ணு பஞ்சாயத்துத் தலைவரோடது," என்றார் டாக்டர் சோகமாக.

"அவருக்கு வாய் இல்லாம இருக்கறது ஊருக்கு நல்லதுதான்," என்று தையல்காரர் சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போனார்.

கதவு நிலையில் பூச்சுக்கு மேல் பூச்சு. பச்சை, பழுப்பு, மறுபடி பச்சை. பெயின்ட் அப்பிக் கெட்டியாகியிருந்தது. உள்பக்கத்தில், என் இடுப்பு உயரத்துக்கு மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன மேடுகள்.

"மரத்துல கட்டி," என்றார் டாக்டர்.

"உங்க துறைதானே. சுரண்டிப் பாருங்க."

அவர் உள்ளே போய்ப் பல்லில் காறை சுரண்டும் கம்பியையும், வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் கொண்டுவந்தார். தரையில் மண்டியிட்டார். அவர் வேலை செய்வதை அப்போதுதான் பார்த்தேன், நல்ல கை. முதல் மேட்டில் பெயின்ட் சிம்பாகப் பெயர்ந்து வந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு பளபளப்பு.

பித்தளை. உருண்டைத் தலை. பெட்டிக்கு அடிக்கிற ஆணி.

கம்பியின் சத்தம் மட்டும். கீழிருந்து மேலே போனார். ஒரு வரிசை. மூன்று ஆணி. அதற்கு மேலே நாலு. அதற்கு மேலே ஐந்து. ஒவ்வொன்றையும் கம்பியால் தட்டித் தட்டி, ஆடுகிறதா என்று பார்ப்பது போல எண்ணினார்.

"அடுத்தது ஏழு," என்றார்.

"ஆறு எங்கே?" என்றாள் கத்தரி.

டாக்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே சுரண்டினார். எண்ணினார். திரும்ப எண்ணினார். கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார். வாய் மரத்துப்போன நோயாளி மாதிரி பேசுவதற்கு உதட்டைத் தேடினார்.

"ஆறு மேலே இருக்கு. ஏழு கீழே."

அதற்கு மேல் ஆணியே இல்லை. எட்டு வயசுக்குள் வெள்ளம் வந்துவிட்டது.

"குழந்தை எப்படிக் குட்டையாகும்?" என்றார் டாக்டர், யாரிடமோ கேட்பது போல.

"ஆகாது," என்றேன். "ஏழு வயசு உயரம் சரியானது. ஆறு வயசுதான் தப்பு. ஆணி அடிக்கற நேரத்துல பையன் குதிகாலைத் தூக்கிட்டான். அவனோட அப்பா, அந்தப் பெட்டிக்காரர், கவனிக்கலை. அடுத்த வருஷம் கவனிச்சிருப்பார். காலைப் பிடிச்சு அழுத்தி நிக்க வெச்சிருப்பார்."

அறிவிப்பு அம்மாள் கிட்டத்தில் வந்தார். கைப்பையைத் தரையில் வைத்தார். ஆறு ஆணியின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே ஏழுக்கு இறக்கினார்.

"போட்டோ எடுக்கும்போதெல்லாம் தூக்குவார்," என்றார்.

"எதை?"

"குதிகாலை. எல்லா போட்டோவுலயும். அம்மாவைவிட ஒரு விரல் கம்மி அவர். நான் கீழே பார்ப்பேன், பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும் மெதுவா இறக்கிடுவார்." குரல் இன்னும் பஸ் நிலையத்தில்தான் இருந்தது. "கடைசியா ஆஸ்பத்திரியில நர்ஸ் உயரம் பார்த்தாங்க. நிக்கவே முடியலை அவரால. அப்பவும் தூக்கினார். நான்தான், அப்பா, காலை இறக்குங்கன்னேன்."

அந்த "இறக்குங்க" என்ற இடத்தில் குரல் ஒரு இம்மி விலகியது. விலகினதை அவரே கேட்டார் போலிருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பொய்யே சொல்லலை அவர்," என்றார் டாக்டர் தரையிலிருந்து, மெதுவாக.

"சொல்லியிருக்கார்," என்றார் அம்மாள். "ஒண்ணு. அதோ அடிச்சு வெச்சிருக்கு."

கத்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன், அதில் தூசி இருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டர். ஊசி எடுபடும் நேரத்தில் நோயாளியைக் கேட்கிற அதே கேள்வி.

அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ஆரம்பிக்குது," என்றார்.

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார். பெஞ்சில் பலகைகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. தன் வீட்டுப் பலகையோடு வந்தார். 'தொடக்கம் முதல் மருத்துவர் குடும்பம்' என்று அழகாக எழுதியிருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்து நீலத்தில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டு எழுதினார். பெட்டி செய்கிறவர். அவர் மனைவி. அவர்கள் மகன். மகனின் பெயரை அம்மாள் சொல்லச் சொல்ல எழுதினார். எழுத்து ஒவ்வொன்றையும் அவர் அறிவிப்புப் போலத் தெளிவாகத்தான் சொன்னார், நடுநடுவில் நின்று நின்று.

பெயின்ட் காய்கிறவரை யாரும் காத்திருக்கவில்லை. டாக்டர் இரட்டைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். வரவில்லை. நாலு பேரும் சேர்ந்து இழுத்தோம். கதவு ஒரு முனகலோடு திறந்தது, ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. டாக்டர் தேய்ந்த படியில் இறங்கி நின்று, சுத்தியலை எடுத்தார்.

"இங்கயா மாட்டப் போறீங்க?" என்றாள் கத்தரி. "தவளைதான் படிக்கும், டாக்டர். ரோட்டுப் பக்கம் மாட்டினாத்தானே நாலு பேர் பார்ப்பாங்க."

டாக்டர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டிருந்தார். அதை எடுத்தார். ஒரு தடவை ஆற்றைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். என்னைப் பார்க்கத்தான் அவருக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

"பலகையை வாசல்லதான் மாட்டணும்," என்றார். "வாசல் இதுதான். தெரு திரும்பிடுச்சு, சார். ஒத்துக்கறேன்."